முன்கூட்டியே போட்ட டிக்

இருதயத்தின் பின்பக்கத்துக்கு ரத்தம் வலது குழாயிலிருந்து போனால் நல்லதா, இடது குழாயிலிருந்து போனால் நல்லதா?

1988-இல் கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில் இராஜம்மா ஆன்டி என்னிடம் இப்படிக் கேட்டார். நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்திருந்தேன். உயிரியலில் நல்ல தேர்ச்சி. ஆனாலும் இது பாடத்தில் வரவில்லை.

கட்டிலில் படுத்திருந்த அவர் கணவர் நாகையா அங்கிளுக்குப் பதில் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு. அதே மருத்துவமனையில் பதினான்கு வருடமாக இருதயப் படச்சுருள்களைப் பார்த்து வகை பிரிப்பவர். அந்தப் பின்பக்கக் குழாய் வலதிலிருந்து கிளைக்கிறதா, இடதிலிருந்தா, இரண்டிலிருந்துமா என்று ஒரு பாரத்தில், அச்சடித்த படிவத்தில், டிக் போடுவார். மூன்றும் பிறவி அமைப்புதான், நோயில்லை. ஆனால் எது என்று தெரியாமல் அறுவை சிகிச்சைக்குத் திட்டம் போட முடியாது.

"நான் டிக் போடாம அங்க ஒரு கத்தி அசையாதுலா" என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வலதுதான். அதனால் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு கட்டுப் பாரத்தில் ‘வலது’ என்று டிக் போட்டு வைத்துவிடுவார். மாறி வந்தால் அடித்துத் திருத்துவார்.

அந்த வாரம் நெஞ்சுவலி அவருக்கே வந்தது. படம் எடுக்கும்போது படுத்தபடியே திரையைப் பார்த்தார். இடது. மறுநாள் கட்டிலில் மாட்டியிருந்த அவர் கோப்பில் இருந்ததோ அவர் பேனாவால் போட்ட ‘வலது’. அவருக்குப் பதிலாக வேலை பார்த்தவர் அந்தக் கட்டிலிருந்தே ஒன்றை உருவிச் செருகியிருந்தார்.

"டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார் ஆன்டி.

"எப்படி ஆச்சுன்னு கேப்பாங்கலா. பதினாலு வருஷப் பேரு போயிரும்."

"நீங்க போயிட்டா பேர வச்சு என்ன பண்றது? அந்தப் பாரத்துக்கு மாலை போடவா?"

அறுவை மருத்துவர் இராமலிங்கம் வந்ததும் அங்கிள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மருத்துவர் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன பாரம் அங்கிள்?"

"இத பாத்துத்தானே டாக்டர் நீங்க ஆபரேஷன்..."

"இல்லலா. வியாழக்கிழமை மீட்டிங்ல நாங்களே படத்த ஓட்டிப் பாப்போம். உங்களுக்கு லெஃப்ட்டுன்னு நேத்தே தெரியும். இந்தப் பாரம் நேரா ஸ்டோருக்குப் போகுதுன்னு நினைக்கிறேன்."

ஆன்டி கையெடுத்துக் கும்பிட்டார். அங்கிளின் முகமோ செத்துப்போனது.

"ஒரு நாள்கூடவா பாக்கல?" என்றார்.

அறுவை நன்றாக முடிந்தது. மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். அதன்பின் ஒவ்வொரு சுருளையும் முழுக்க ஓட்டிப் பார்த்துத்தான் டிக் போட்டார். யாரும் படிப்பதில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார்.

இதை அங்கிள் யாரிடமும் சொல்ல மாட்டார். அதனால், பாரம் நிரப்பும் வேலையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அவரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்.