மேடுபள்ளமும் கார் கதவும்

தங்கைக்கு அவர் வைத்த பட்டப்பெயர் மேடுபள்ளம். அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். சுவருக்குப் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, அப்பாடா என்று இடுப்பை நிமிர்த்தும் நேரத்தில் தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்பாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அப்படித்தான். தூக்கைக் கீழே வைப்பதற்கு முன்பே அவள் உள்ளங்கை சுவரில் ஊர ஆரம்பித்துவிடும்.

"அண்ணா, இங்க மேடா இருக்கு."

"விடு."

"இங்க பள்ளம்."

"விடுன்னு சொல்றேன்ல!"

அவள் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார். மேடு இருக்கும். எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மேடுபள்ளம்தான் இப்போது கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். "என் தங்கச்சி கார் செய்யறா" என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார். கேட்க நிற்காதவர்களைத் துரத்திப் போய்ச் சொன்னார் என்பது அவர் மனைவியின் சாட்சியம். ஆனால் பயிற்சிக் காலம் முடியப் போகிறது. நிரந்தரம் ஆக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று தினமும் ஒரு தடவையாவது மனைவியிடம் கேட்டுவிடுவார்.

தொழிலாளர் குடும்பங்களைச் சுற்றிப் பார்க்க அழைத்த அன்று, தங்கை வேலைக்கு உள்ளே போகுமுன் வாசலிலேயே பிடித்து நிறுத்தினார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது எதையும் குறை சொல்லாம இரு. பெரிய இடம்."

"சரிண்ணா" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் பகுதியின் சூப்பர்வைசரே கணவன் மனைவி இருவரையும் அழைத்துப் போனார். மேலே கண்ணாடி போட்ட நடைபாதை, கீழே வேலை. முதல் கூடத்தில் மஞ்சள் நிற இயந்திரக் கைகள் பொறி பறக்க இரும்புத் தகடுகளை ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதுல எங்க தங்கச்சி எங்க நிக்கிறா?"

"இங்க ஆளே கிடையாது, சார்."

அடுத்த கூடத்தில் இயந்திரம் காருக்குப் பெயிண்ட் அடித்தது. அவர் கண்ணாடியில் மூக்கு பட நின்று தரையையே பார்த்தார். "ஒரு சொட்டுகூடச் சிந்தலையே" என்றார், ஏதோ மோசடியைக் கண்டவர்போல.

"நீங்க நம்ம வீட்டுக்கு அடிச்சப்போ தரைக்கும் சேர்த்துல்ல அடிச்சீங்க" என்றாள் மனைவி.

கடைசிக் கூடத்தில் வரிசை வரிசையாக ட்யூப்லைட். அதன் வெளிச்சத்தில் கார்கள் மெதுவாக நகர்ந்து வந்தன. வெள்ளைக் கையுறை போட்ட தங்கை ஒவ்வொரு கதவையும் மேலிருந்து கீழாகத் தடவி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "துடைக்கிறாளா?"

"தெருவுல என்ன சொல்லப் போறீங்க?" என்று காதோடு கேட்டாள் மனைவி.

அதற்குள் தங்கையின் கை ஒரு கதவில் நின்றது. போனது. திரும்பி வந்தது. தலைக்கு மேலே தொங்கிய கயிற்றை எட்டி இழுத்தாள். எங்கோ ஒரு மணி ஒலிக்க, கார் வரிசை மொத்தமும் அப்படியே நின்றுவிட்டது.

அவருக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடியைத் தட்டி, "விடு, விடு!" என்று இரண்டு கையாலும் சாடை காட்டினார். அவள் நிமிரவே இல்லை. சட்டென்று சூப்பர்வைசரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், மனசுல வச்சுக்காதீங்க. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். தட்டைத் தடவுவா, கதவைத் தடவுவா, நான் தேய்ச்ச சுவரைக்கூட விடமாட்டா. எங்கயாவது மேடுன்னுவா, பள்ளம்னுவா. நான் கண்டிச்சு வைக்கிறேன், சார். வேலைய விட்டு மட்டும் எடுத்துடாதீங்க."

"சொன்ன இடத்துல மேடு இருக்குமா?"

"அதான் சார் கோபமே. இருக்கும்!"

சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவங்களை அங்க நிறுத்தியிருக்கறதே அதுக்குத்தான், சார். கண்ணுக்குத் தெரியாதது அவங்க கைக்குத் தெரியும். சந்தேகம் வந்தா நிறுத்தணும், நிறுத்தலைன்னாதான் திட்டுவோம். நிரந்தர ஆர்டர் நேத்தே கொடுத்தாச்சே..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, சாப்பாட்டு நேரத்துல அவங்களே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தாங்க. தெரியாத மாதிரி இருந்துடுங்க, சார்."

கீழே அந்தக் கதவில், அவள் கை நின்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டார்கள். வரிசை மறுபடி நகர்ந்தது.

உணவுக் கூடத்தில் தங்கை கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும்."

அவள் சொல்வதற்கு முன்பே அவர் வாயைப் பிளந்து, புருவத்தை உயர்த்தி, ஆச்சரியப்பட்டு முடித்துவிட்டார். மனைவி குனிந்து தண்ணீர் டம்ளருக்குள் சிரித்தாள். தங்கை அண்ணன் முகத்தை இந்தக் காது முதல் அந்தக் காது வரை நிதானமாகப் பார்த்தாள்.

"இங்க ஏதோ மேடா இருக்கே?"

"விடு" என்றார் அவர். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பியதும் தன் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.