ஆழம் தெரியாமல் செருப்பை விடாதே

தையல்காரிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று தெருவே சொல்லும். அது தவறு. மூக்கு நுனியில் கண்ணாடி இருந்தது, கோபத்துக்கு அங்கே இடமில்லை. அது வலது கையில், கத்தரிக்கோலோடு குடியிருந்தது. அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "மூச்சை விடுய்யா. சட்டை உனக்கா, உன் பொய்க்கா?" என்பாள். திட்டு வாங்கியவர்களும் திரும்ப அவளிடமே வந்தார்கள். அவள் தைத்த சட்டையில்தான் மூச்சு விட முடிந்தது.

கணவர் போன பிறகு, கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையிலேயே குடியிருந்தாள். உறவென்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தம்பி. படித்தவன், கணினி வேலை, வாய்க்குப் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை வருவான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"ம்."

"உன்கிட்ட பேசுறதுக்கு இந்த மெஷின்கிட்ட பேசலாம்டா. மிதிச்சா கடகடன்னு பதிலாவது சொல்லும்."

"ம்."

அப்படிப்பட்டவன் ஒரு நாள் முழு வாக்கியமே பேசினான். "அக்கா, எங்க ஆபீஸ்ல ஒரு ஆப் பண்ணியிருக்கோம். நீ சேரணும்." ஆப்பின் பெயர் கூடம். அக்கம்பக்கத்தார் கூடிப் பேசும் இடமாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச எதற்கு ஆப், சன்னலைத் திறந்தால் போதாதா என்று அவள் கேட்டாள். தம்பி பழையபடி "ம்" என்றான். தம்பி கேட்டு இல்லை என்று சொன்ன பழக்கம் கிடையாது என்பதால் சேர்ந்தாள்.

முதல் நாளே, எவனோ கோணலாகத் தைத்த ஒரு காலரைப் படமெடுத்துப் போட்டு, "இதைத் தைத்த கை விளங்குமா?" என்று எழுதினாள். பாராட்டுகள் குவிந்தன. அதில் மாடிவீட்டுத் தோழி என்ற பெயரில் ஒருத்தி, "கை இருக்கட்டும், கண்ணைக் காட்டச் சொல்லுங்க அக்கா" என்று எழுதியிருந்தாள். தையல்காரி வாய்விட்டுச் சிரித்தாள். கடையில் துணி கொடுக்க வந்தவர் பயந்துபோனார்.

அப்புறம் தினமும் பேச்சுதான். அவர் போன பிறகு இரண்டு தலையணையில் ஒன்றை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஒரு நாள் எழுதினாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தோழி எழுதினாள்: "ரெண்டையும் வெச்சுக்கோங்க. ஒண்ணு தலைக்கு, ஒண்ணு சாஞ்சு உக்காந்து அழறதுக்கு." அன்றுதான் தையல்காரி நன்றாக அழுதாள்.

தம்பியைப் பற்றியும் சொன்னாள். "எனக்கும் ஒருத்தன் கூடப் பிறந்திருக்கான். கல்லுக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பான்." பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. "பாவம், அவருக்குப் பேச வராதோ என்னவோ." "வராதாம்! கல்யாண வயசு தாண்டுது, வாய் மட்டும் இன்னும் பிறக்கல" என்று இவள் பொரிந்து தள்ளினாள்.

பக்கத்துக் கடை காலியானபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தோழியும் அவளுமாகச் சேர்ந்து அதை எடுத்தால் என்ன? "நீங்க வர்றவங்களைப் பாத்துக்கோங்க, எனக்குத்தான் வாய் சரியில்ல. நான் துணியைப் பாத்துக்கறேன். நாளைக்கே சாவி வாங்கிடறேன். நேர்ல வாங்க, முகத்தையாவது பாக்கணும்." தனியாக இருந்தது போதும் என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியிருந்தது.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "அவசரப்படாதீங்க அக்கா. ஆழம் தெரியாம செருப்பை விடாதீங்க."

உலகத்தில் எல்லோரும் காலைத்தான் விடாதே என்பார்கள். செருப்பை விடாதே என்று சொன்னது ஒரே ஒரு மனிதர், இவளுடைய அப்பா. வாய்க்காலில் ஆழம் பார்க்கிறேன் என்று இறங்கிப் புதுச் செருப்பில் ஒன்றைப் பறிகொடுத்து, ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பியவர். "கால் எப்படியும் நம்ம கூடத் திரும்பி வந்துரும். செருப்பு வருமா?" என்று அன்றைக்குப் பழமொழியைத் திருத்தினார். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தத் திருத்தம் தெரிந்தவர்கள் இந்த மண்ணில் இரண்டே பேர். ஒருத்தி போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கடையைச் சாத்தினாள். அளவு நாடா கழுத்தில் தொங்கியது, அதைக் கழற்றவும் தோன்றவில்லை. நேரே தம்பியின் ஆபீசுக்குப் போனாள்.

கண்ணாடிக் கதவு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை நாற்காலிகள், சுவரில் "மனிதர்களை இணைக்கிறோம்" என்று பெரிய எழுத்து. பெரிய திரைக்கு முன்னால் முதலாளிப் பையன் நின்றுகொண்டிருந்தான், தோள் பக்கம் தொங்கும் கோட்டோடு. எதிரே முதல் போட வந்த பெரிய மனிதர்கள். திரையில் அவளுடைய தலையணை இருந்தது. அவள் எழுதியது, அவள் அழுதது, வரி வரியாக.

"பாருங்க சார், முகமே தெரியாத ரெண்டு பேர், எவ்வளவு ஆழமான பேச்சு! இதுதான் நம்ம வெற்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தான் பையன்.

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி நான்" என்றாள் தையல்காரி வாசலில் நின்றபடி. "இன்னொருத்தி அதோ, மேசைக்கு அடியில பேனா தேடுறா பாருங்க. மீசையோட."

தம்பி எழுந்து நின்றான். பேனா கிடைக்கவில்லை.

முதலாளிப் பையன் அசரவில்லை. "அக்கா, எங்க ஆளுங்களே வேற பேர்ல எழுதறது ஆரம்பத்துல எல்லாரும் செய்யறதுதான். பிச்சைக்காரன்கூட தட்டுல முதல் காசைத் தானே போட்டுக்கறான் இல்லையா? காலியா இருந்தா யாரு போடுவா?"

"போடுறவன் அவன் காசைப் போடுறான்டா. நீ என் அழுகையை எடுத்துத் தட்டுல போட்டிருக்க!" அவள் குரலுக்குக் கண்ணாடி அதிர்ந்தது. "என் கடையிலயும்தான் பொம்மை நிக்குது, சட்டை போட்டுக்கிட்டு. அதுக்குத் தலை கிடையாது தெரியுமா? ஆள்னு நினைச்சு யாரும் வந்து பேசிடக் கூடாதுன்னுதான்!"

"சூப்பர் அக்கா!" என்றான் பையன், உண்மையான உற்சாகத்தோடு. "இதையே ஒரு வீடியோவா சொல்றீங்களா?"

பெரிய மனிதர்களில் ஒருவர் மெல்லக் கேட்டார். "அப்போ நிஜமான ஆளுங்க எத்தனை பேரு?"

வாய் திறந்தது, ஆச்சரியம், தம்பிதான். "சேர்ந்தவங்க நிறைய பேர் சார். ஒரு தடவை வந்து எட்டிப் பாப்பாங்க. தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னதும் போயிடுவாங்க. திரும்பத் திரும்ப வந்தது எங்க அக்கா மட்டும்தான்."

புதிதாக ஆப் தொடங்கப் போகும் புண்ணியவான்கள் இந்த இடத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பந்தல் போடத் தெரிந்தவனெல்லாம் கூட்டம் சேர்த்துவிட முடியாது. ஒருத்தியின் பேச்சுக்கு இன்னொருத்தர் காது கொடுக்க வேண்டும், அந்தக் காது நிஜமாக இருக்க வேண்டும். அதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. இது தெரியாதவன் லட்சம் பேரைச் சேர்க்கலாம். லட்சம் பேரும் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போவார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் போனிலிருந்து கூடத்தை அழித்தாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து கடை வாசலில் நின்றான். அவள் நிமிரவில்லை.

"எதுக்கு வந்த?"

"ம்..."

"'ம்' போட்ட, கத்தரிக்கோல் பறக்கும். அங்க பக்கம் பக்கமா எழுதத் தெரிஞ்சுதில்ல? பேசு."

"வேலையை விட்டுட்டேன்."

"விடாம என்ன பண்ணுவ? அப்புறம்?"

"உன் முகத்தைப் பாத்தா எனக்குப் பேச வரலக்கா. மாமா போனப்போகூட வரல. அங்க வந்துச்சு. அந்தத் தலையணை... அதை நான் ஆபீசுக்காக எழுதல. அவங்க எடுத்துத் திரையில போடுவாங்கன்னு தெரியாது."

"தெரிஞ்சிருக்கணும்! அங்கதானே சம்பளம் வாங்கின?"

"தெரிஞ்சிருக்கணும்" என்றான்.

மெஷின் நின்றது. அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. மாடிவீட்டுத் தோழியைத் தேடவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் ஒரே ஆளாகப் போனதில்தான் அவளுக்கு ஆத்திரம்.

"அப்புறம் அந்தப் பக்கத்துக் கடை" என்று தம்பி தொடர்ந்தான். பூட்டு திறந்துகொண்டது போலிருந்தது. "அதை எடுக்காதக்கா. நீ எழுதினதும் நான் பின்பக்கமாப் போய்ப் பாத்தேன். பின்சுவர் பூரா ஈரம். துணி வெச்சா பூஞ்சை பிடிக்கும். அதனாலதான் அப்பா சொன்ன மாதிரி எழுதினேன். பொய்யில்ல."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி மாட்டினாள். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. அது இன்னும் பல ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வரும். நாற்காலி மேல் கிடந்த துணிகளை வாரிக் கீழே தள்ளினாள்.

"வாசல்ல நின்னு ஊரைக் கூட்டாத. செருப்பை விட்டுட்டு உள்ள வா."