பெட்டி எடுக்காத குரல்

பேய், ஆவி, முனி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்த் தேநீர் போடுகிற ஆள் நான். கலியாண வீடுகளிலும் கோயிலிலும் கீபோர்ட் வாசிப்பது என் பிழைப்பு. ஸ்பீக்கரில் ஏதாவது இரைந்தால் எந்த வயர் இளகியிருக்கிறது என்று தேடுவேனே தவிர சிலுவை அடையாளம் போடமாட்டேன். நீங்கள் இப்போது உள்ளுக்குள் சிரிக்கிறீர்கள் என்பது தெரியும். சிரியுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், கடல் தொழில் செய்கிறவர், ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது குரலால்தான். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி ஒப்பாரி படிப்பார்கள். ஒருவர் முன்னால் நின்று ஒரு வரி படித்துவிட்டு நிறுத்துவார், பின்னால் நிற்கிறவர்கள் அந்த வரியை வாங்கித் திருப்பிப் படிப்பார்கள், அது முடிந்த பிறகுதான் அவர் அடுத்த வரிக்குப் போவார். முன்பாட்டு எப்போதும் அத்தான்தான். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான்.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் காட்டினோம், குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சும் என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள். வருடா வருடம் படித்த மனுசன், ஒருவராவது ஒழுங்காகப் பதிவு செய்து வைத்தோமா என்றால் இல்லை, அடுத்த வருடமும் படிப்பார்தானே என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அக்கா என்னைத் தேடி வந்தாள்.

"தம்பி, ஆளைக் காப்பாத்த டொக்டர்மார் இருக்கினம். அவரின்ரை குரலை நீதான் எடுத்து வைக்கவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அக்கா என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அதுதான். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கைபேசியில் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தோம். இரைச்சலை வெட்டுகிறேன் என்று அது அத்தானின் நீண்ட இழுவையையே வெட்டிவிட்டது. கொக்குவிலில் ஒரு அண்ணை ஸ்டூடியோ வைத்திருக்கிறார், அங்கே வரச்சொன்னால் அத்தான் மாட்டேன் என்றார். "கண்ணாடிக்குப் பின்னாலை இருந்து ஆண்டவருக்கு அழேலாது" என்பது அவர் நியாயம். மிச்சமிருந்தது என் பெட்டி. கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது, கணினி இல்லாமலே தாளம், இசை, பதிவு எல்லாம் தானே செய்யும். ஆனால் அதில் மைக் செருகும் துளைகள் ஒரு மழைநாள் மின்னலோடு போய்விட்டன. இனி மைக் சத்தத்தைப் பெட்டிக்கு மாற்றிக் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்று, யூஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள், அதில் மைக்கைச் செருகி, அந்த இன்டர்ஃபேஸைப் பெட்டியில் செருகவேண்டும். அது ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

அந்த ஒன்று கிடைக்கவில்லை. கணினி என்றால் இன்டர்ஃபேஸுக்கு வேண்டிய டிரைவர் மென்பொருளை நாமே ஏற்றிவிடலாம், இந்தப் பெட்டியில் எதையும் ஏற்றமுடியாது, டிரைவர் கேட்காத இன்டர்ஃபேஸை மட்டும்தான் அது மதிக்கும். அதிலும் கரண்ட் அதிகம் இழுத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். டவுனில் கடைக்காரர்கள் எல்லோரும் "எல்லாத்துக்கும் வேலை செய்யும் தம்பி" என்றார்கள். செருகினால் திரையில் சாதனம் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். கொக்குவில் அண்ணை தன்னிடம் இருந்த நல்ல ஒன்றையே கழற்றித் தந்தார், அதற்கும் அதே வரி. தனியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன், வயர் மாற்றினேன், இணையத்தில் யார் யாரோ எழுதியதையெல்லாம் படித்தேன். பொருந்தும் என்று எல்லோரும் சத்தியம் பண்ணுகிற ஒன்று கொழும்பில் இருந்தது, பார்சல் ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகுதான் வரும் என்றார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று காசைக் கட்டிவைத்தேன். யானைக்குப் பசிக்கும்போது சோளப்பொரி கூட அகப்படவில்லை.

கடைசியாக உடுப்பிட்டியில் கலியாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் பழைய ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் வாங்கிவந்தேன். மறுநாள் காலை அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். மத்தியானம் சாப்பாடு முடிந்த கையோடு முன்னறை யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வைத்து, இன்டர்ஃபேஸைச் செருகினேன். சாதனம் எதுவும் இல்லை. கழற்றிக் கழற்றிச் செருகினேன், அதே வரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அத்தான், இது எடுக்குதில்லை. என்னை மன்னியுங்கோ."

அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன. நான் படிக்கிறன். நீ உன்ரை பட்டனை அமத்து."

வீம்புக்குப் பதிவுப் பட்டனை அழுத்தினேன். அவர் படித்தார். கரகரத்துப் போன குரல்தான், ஆனாலும் அப்படி ஒரு படிப்பை நான் அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கப்போவதில்லை. ஒரு விசயம் மட்டும் உறுத்தியது. ஒவ்வொரு வரி முடிவிலும் அவர் நிறுத்தினார். பின்னால் படிக்க ஆளில்லை, அக்கா அடுக்களையில், அறையில் நானும் அவரும் மட்டும். கோயிலில் எவ்வளவு நேரம் நிறுத்துவாரோ அவ்வளவு நேரம் நிறுத்தி, வாசல் பக்கச் சுவரைப் பார்த்து, முன்பாட்டுக்காரர் பின்பாட்டுக்குக் காட்டுகிறமாதிரித் தலையைச் சின்னதாக ஆட்டி, பிறகுதான் அடுத்த வரி. வருடக்கணக்கான பழக்கம் என்று நினைத்தேன். அந்த இடைவெளிகளில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை.

முடிந்ததும் போட்டுப் பார்த்தேன். பதிவு நீளமாக இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை, திரையில் நேர்கோடு. அக்காவிடம் சொன்னேன். அவள் அத்தானின் சாரத்தை மடித்து ஆஸ்பத்திரிப் பையில் வைத்தாள்.

அத்தான் பிழைத்தார். கழுத்தில் ஒரு துவாரம், வாயசைத்தால் காற்று மட்டும் வரும். அக்கா கொஞ்ச நாளிலேயே அவருடைய உதட்டைப் படிக்கப் பழகிவிட்டாள், அவர் வாயசைக்க அசைக்க இவள் அவருக்காகச் சத்தமாகச் சொல்லுவாள், 'நான்', 'எனக்கு' என்று அவராகவே பேசுவாள்.

ஒரு கலியாணத்துக்குத் தாளம் போடுவதற்காக நான் அந்தப் பெட்டியைத் திறந்தது அதற்குப் பிறகுதான். எதுவும் செருகியிருக்கவில்லை. அந்தப் பழைய பதிவை அழிக்கப் போனேன், நேர்கோடு இருந்த இடத்தில் அலை இருந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஹெட்போனைப் போட்டேன். முதலில் அமைதி, ஒரு வரி படிக்கிற நேரம். பிறகு ஆட்கள், ஆண்கள், பல பேர் சேர்ந்து ஒப்பாரியின் முதல் வரியை வாங்கிப் படித்தார்கள். திரும்ப அமைதி. திரும்ப அவர்கள். அத்தான் படித்த இடமெல்லாம் வெறுமை, அத்தான் நிறுத்திய இடமெல்லாம் நிறைந்து கிடந்தது.

கோயில் ஆட்கள் ஒருவர் குரலும் அதில் இல்லை. அவர்களோடு எத்தனை வருடம் வாசித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு குரலைத்தான் அடையாளம் தெரிந்தது, அதை நான் வாயால் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா ஹெட்போனைப் போட்ட கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, பின்னாலை படிக்கிறவைக்குள்ளை இவர் நிக்கிறார். இது இவரின்ரை குரல். எடுத்துத் தந்திட்டாய்."

அவள் அழுத அழுகையும் சிரித்த சிரிப்பும் பார்த்து, எப்படி வந்தால் என்ன, கிடைத்ததே என்று நானும் ஒரு நிமிடம் சந்தோசப்பட்டுவிட்டேன். வேறெதிலாவது ஏற்றிக் கொடுப்போம் என்று கைபேசியில் பிடித்தேன், அதில் ஒன்றும் விழவில்லை, பெட்டியில் மட்டும்தான் இருந்தது.

பிறகு அத்தானுக்குப் போட்டோம். அவர் திடுக்கிடவில்லை. வெறுமையான இடங்களில் உதட்டை அசைத்தார், ஒரு வரியும் தவறவில்லை. திடீரென்று நின்றார். ஹெட்போனைக் காதோடு அழுத்தினார், முகம் வெளிறிப்போயிற்று. அக்காவைப் பார்த்து வாயசைத்தார். அக்கா வழக்கம்போல அவருக்காகச் சத்தமாகச் சொன்னாள்.

"நான் அண்டைக்குப் படிக்கேக்கை இவையளைக் கேட்டனான். அதுதான் நிப்பாட்டி நிப்பாட்டிப் படிச்சனான். ஆனா அண்டைக்கு இவையளுக்குள்ளை என்ரை குரல் இருக்கேல்லை."

தன் வாயால் என்ன சொன்னாள் என்பது அவளுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது.

நான் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், பிறகு அதைக் கேட்கவில்லை. கொழும்புப் பார்சலும் வந்தது, உடைக்காமல் அப்படியே கிடக்கிறது. அத்தானும் அதன் பக்கம் போவதில்லை. அக்காதான் தினமும் பின்னேரம் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். போன கிழமையும் எனக்கு அழைத்தாள்.

"தம்பி, ஒருக்கா வந்து கேட்டுப் பாரடா. ஆக்கள் கூடின மாதிரிக் கிடக்கு. புதுசா ஒரு குரல், எனக்குத் தெரிஞ்ச குரல் மாதிரியும் இருக்கு, பிடிபடுதில்லை."

தன் குரலைப் பதிவில் கேட்டால் யாருக்கும் முதலில் பிடிபடாது என்பது என் தொழிலில் தெரிந்த விசயம். வாறன் அக்கா என்றேன். இன்னும் போகவில்லை.