மார்பு எடுப்பாகும் என்று குடித்த பொடி

கோம்பையில் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கும் எனக்கு, என் மார்பு சிறியது என்று ஒரு குறை. குமுளி மூலிகைக் கடையில், மார்பு எடுப்பாகும் என்று சொல்லி விற்ற பொடியை வாங்கிப் பாலில் கலந்து குடித்துவந்தேன். மாதவிலக்கு தள்ளிப்போனது. பிறகு வந்த உதிரப்போக்கு நிற்கவே இல்லை. மார்பில் கைவைக்க முடியாத வலி வேறு.

உத்தமபாளையத்தில் டாக்டரம்மா, "வேற மருந்து ஏதும் சாப்பிடுறீகளா?" என்று கேட்டார்.

"இல்லைங்க மேடம்" என்றேன். எங்கள் பக்கம் மூலிகையை யார் மருந்தென்று நினைக்கிறார்கள்?

கூட வந்த தங்கை முழங்கையால் இடித்தாள். "ஏக்கா, அந்தக் குமுளிப் பொடியச் சொல்லு."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "அதுவும் மருந்துதாம்மா. ஹார்மோனையே குழப்பிரும். இன்னைக்கே நிறுத்துங்க."

ஸ்கேனில் கட்டி இல்லை என்று தெரிந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. பொடியை நிறுத்தியதும் உதிரப்போக்கு மெல்ல அடங்கியது.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், கஷாயம் குடித்தால்கூட நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாண ரவிக்கைக்கு வரும் பெண்கள், "பெருசாக்க ஏதாச்சும் இருக்காக்கா?" என்று கிசுகிசுத்தால் என் பதில் ஒன்றுதான்:

"ஒடம்புக்குத் தக்கன துணிய நான் வெட்டித் தாரேன், ஆத்தா. துணிக்குத் தக்கன ஒடம்ப மாத்தாத."