கேமராவை ஒட்டிய கட்டம்

பிரிஸ்டல் படப்பிடிப்புக் கூடத்தில் கிளெனிஸ் பிட்மனின் இடம், கேமராவை ஒட்டித் தரையில் டேப் போட்ட சிறு கட்டம். செய்யுள் நாடகம் பேச நடிகர்களைப் பழக்குபவள் அவள். ராணி நடிகை இல்லாத இந்த ஷாட்டில் ராஜா வேடக்கார ரூபர்ட், கைதி ராணிக்கான வரிகளைக் கிளெனிஸின் கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இருபது வருடமாக அவளுக்கு இப்படி நிற்கிறதே பிழைப்பு.

"நாடக மேடை மாதிரி பால்கனிக்குக் கத்தாதடா. என் ஒருத்திகிட்ட சொல்லு," என்று பதினோரு தடவை திட்டினாள்.

பன்னிரண்டாம் தடவை அவன் குரலைத் தாழ்த்தி, "உன்னை விடுவித்தேன், போ" என்றான்.

கிளெனிஸ் கட்டத்தைத் தாண்டிக் கதவை நோக்கி நடந்தாள். ரூபர்ட்டின் பார்வையும் கூடவே போயிற்று. ஷாட் பாழ்.

"அவன் விட்டது ராணியை, கிளெனிஸ். உன்னை யாரு விட்டது?" என்றார் இயக்குநர்.

அவள் திரும்பி வந்து கட்டத்துக்குள் நின்றாள்.

"அதே மாதிரி சொல்லுடா," என்றாள் ரூபர்ட்டிடம். "இந்தத் தடவை நான் நம்ப மாட்டேன்."