வெளி ஆள் மாதிரி உட்கார்ந்த நாள்

எழுதுகிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பத்தாவதோடு நின்ற படிப்பு. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டரும் ரேஷன் கடை மனுவும்தான். இதைப் படிக்கிறவர்கள் என்னைவிட அதிகம் படித்தவர்களாக இருப்பார்கள், அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசலாம் என்றால் எனக்கு வாய் வராது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட நினைப்பேன். என்ன பாவம் என்று சொல்லத் தெரியாமல், "பொய் சொன்னேன் ஃபாதர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அது பொய் மட்டும் இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம். சிதம்பரத்தில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பறை பெருக்குவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது, மணி அடிப்பது. அதே வேலைக்கு நிரந்தர இடம் ஒன்று அங்கே காலியாகவே இருந்தது.

இந்த மாதிரி இடங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் இடம் போகும். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதி, பதிவு மூப்பு உள்ளவர்களின் பெயர்களை வாங்கி, எல்லோருக்கும் கார்டு போட்டு வரவழைத்து, இன்டர்வியூ வைக்க வேண்டும். அதனால் உள்ளே இருப்பவரின் பெயரும் அந்தப் பட்டியலில் வருகிற அளவுக்கு மூப்பு ஏறும்வரை பள்ளிக்கூடம் இடத்தைப் பற்றி வாயே திறக்காது. எனக்காகவும் அப்படித்தான் காத்திருந்தார்கள். சிதம்பரத்தில் எங்களைப் போன்றவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பஸ் ஏறி வருகிறவர்களுக்குத்தான் தெரியாது.

நான் பிறந்தது கடலூர் பழைய டவுனில். பத்தாவது முடித்த கையோடு என் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டார். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த பிறகும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கார்டைப் புதுப்பிக்கக் கடலூர் போவேன். பழைய டவுனில் அம்மா வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, மஞ்சக்குப்பத்தில் வேறு வேலை ஏதாவது இருந்தால் அதையும் முடித்துக்கொண்டு, வரிசையில் போய் நிற்பேன். பரீட்சை முடிவு வந்த சமயமாக இருந்தால் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடும். இடுப்பில் குழந்தையோடு நிற்பார்கள். தலை நரைத்தவர்களும் நிற்பார்கள். வேலை வரும் என்று அதில் நின்ற யாரும் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் புதுப்பிக்காமல் விட யாருக்கும் மனசு வராது.

அந்த வருடம் பட்டியலில் என் பெயரும் வந்தது. இன்டர்வியூவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஹெட் கிளார்க் சார் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ லீவும்மா. நல்ல சேலையா கட்டிக்கிட்டு மத்தவங்க மாதிரி முன் கேட்டு வழியா வா. வெளி ஆள் மாதிரி பெஞ்சுல உக்காரு. வந்தவங்க எல்லாரும் உள்ள போயி கையெழுத்து போட்டாதான் இது செல்லும். யாராச்சும் பாதியில எழுந்து போனா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதனால யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் மாமா, "அது என்னிக்கு சார் தொறந்துச்சு, நாளைக்குத் தொறக்க?" என்றார். மறுநாள் எனக்குப் பதிலாக மணி அடிப்பது அவர் பொறுப்பு.

முன் கேட்டு வழியாக நான் அதற்கு முன்பு போனதே இல்லை. பெஞ்சு, முந்தின நாள் நானே துடைத்துப் போட்ட பெஞ்சு. எனக்கு முன்பே சிலர் வந்திருந்தார்கள். லால்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா மங்கலம்பேட்டைப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். முந்தானையைக் கையில் சுற்றி வைத்திருந்தார். குளிருகிறதோ என்று நினைத்தேன்.

"யக்கா, உள்ள கைய எல்லாம் பாப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

முந்தானையை விலக்கிக் காட்டினார். முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் எல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது.

"மண்ணெண்ணெய் போட்டு தேய்ச்சேன், சாம்பல் போட்டு தேய்ச்சேன், போவ மாட்டேங்குது."

"கைய பாக்க மாட்டாங்க" என்றேன்.

"நீங்க எந்த ஊருக்கா?"

"கடலூர்."

பொய் சொன்னேன் என்று ஃபாதரிடம் நான் சொன்னது இதைத்தான். பிறந்த ஊர் கடலூர் என்பதால் அது முழுப் பொய்யும் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் எட்டாவது படித்தவர். படிப்பை நிறுத்திய வருடமே பதிவு செய்துவிட்டாராம். அன்றைக்கு வந்தவர்களில் அவருக்குத்தான் மூப்பு அதிகம். இத்தனை வருடத்தில் வந்த முதல் இன்டர்வியூ கார்டு இது. வயது வரம்பு ஜூலையோடு முடிகிறது. இதை விட்டால் இன்னொரு கார்டு வரவே வராது.

"கார்டு வந்ததும் தெருவே வந்து பாத்துச்சு. எங்க வூட்டுக்காரரு, போயி இடத்த புடிச்சுட்டு வாடின்றாரு. பஸ்ல சீட்டு புடிக்கிற மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். "ரெண்டு பொண்ணுக்கா. வேல கெடச்சா இங்கயே வூடு பாத்து, இந்த ஸ்கூல்லயே சேத்துடுவேன். நான் மணி அடிச்சா அதுங்க சாப்புட வெளிய வரும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். என் வீட்டு நிலைமையும், ஹெட் கிளார்க் சார் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். "கெணத்துக்குப் பின்னால. தாப்பாள மேல தூக்கித் தள்ளுங்க, இல்லன்னா மாட்டிக்கும்" என்று வாயில் வந்துவிட்டது.

"வந்ததும் போயிட்டு வந்துட்டீங்களாக்கா? பயமா இருந்தா எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாளாளர் தாமதமாகத்தான் வந்தார். வந்ததும் அவருக்கு டீ வாங்க வாட்ச்மேன் மாமாவை அனுப்பினார்கள். அப்போதுதான் இரண்டாவது பீரியட் முடியும் நேரம் வந்தது. மணி அடிக்கவில்லை. எனக்குக் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. வகுப்புகளின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளைகள் புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு டீச்சர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். எதிர் வகுப்பிலிருந்து இன்னொருவரும் எட்டிப் பார்த்தார். 

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. தூணுக்குப் பின்னால் மாடத்தில் இருந்த சுத்தியலை எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டில் அடித்துவிட்டு, சுத்தியலைத் திரும்ப மாடத்தில் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பினால் பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லால்பேட்டை அண்ணன்தான் முதலில் சிரித்தார். "அட! இன்டர்வியூ முடிஞ்சு போச்சுப்பா. நம்மள சும்மா சாட்சிக்கு கூப்பிட்டிருக்காங்க. வாங்க, அடுத்த வண்டிய புடிப்போம்." பிறகு என்னைப் பார்த்து, "எத்தினி வருசமாம்மா இங்க?" என்றார்.

 அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மற்றவர்களும் எழுந்தார்கள். இவர்கள் போய்விட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அடுத்த தடவை என் பெயர் வருமோ வராதோ. 

மங்கலம்பேட்டைக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "கடலூர்னு சொன்னீங்களேக்கா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விளங்கிக்கொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பொறந்தது அங்க."

அவர் முந்தானையைத் திரும்பக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு, "அப்ப நான் உள்ள போவட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

"போங்க" என்றேன். "நல்லாதான் கேப்பாங்க. போயிட்டு வாங்க."

அது அவருக்காகச் சொன்னது இல்லை.

அவர் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டார். லால்பேட்டை அண்ணனின் பையைப் பிடித்து இழுத்து, "உக்காருண்ணே. வந்தது வந்துட்டோம், மொகத்த காட்டிட்டுப் போவோம். அந்தக்கா மேல என்னா கோவம்? அவுங்களும் நம்மள மாதிரி கார்டு போட்டுட்டு கெடந்தவங்கதானே" என்றார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தது தாளாளரால் இல்லை, ஹெட் கிளார்க் சாராலும் இல்லை. அந்த அம்மா அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தையால்தான் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"நாற்காலி போட்டு உக்கார வச்சாங்கக்கா. குடும்பத்த பத்தி எல்லாம் கேட்டாங்க. பெரியவரு நல்லா பேசுறாரு." என் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தணித்தார். "யக்கா, ஒருவேள எனக்கே குடுத்துட்டாங்கன்னா நீங்க என்னா பண்ணுவீங்க?"

அவர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். அப்போது என் மனசு, கொடுத்துவிடக் கூடாதே மாதாவே என்றுதான் வேண்டியது. நான் நினைத்து வேண்டவில்லை, தானாக வந்தது. ஃபாதரிடம் சொல்லத் தெரியாமல் எழுந்து வருகிறேனே, அது இதுதான். ஜூலை வரைக்கும்தான் நேரம் இருந்த ஒருவருக்கு, கறுத்துப்போன கையோடு வந்த ஒருவருக்கு எதிராக நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றேன்.

"முடிவு எப்ப சொல்லுவாங்க?"

"லெட்டர் போடுவாங்க."

கிடைக்காதவர்களுக்கு லெட்டர் போடுகிற வழக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும்.

"தபால்காரர்கிட்ட சொல்லி வச்சுடுறேன்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முன் கேட்டு வழியாகப் போனார். கொண்டுபோய் ஏற்றிவிட்டிருக்கலாம். என் பெயரை இன்னும் கூப்பிடாததால் நான் போகவில்லை. கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு நாற்காலி போடவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. "டீ டம்ளரை எடுத்துட்டுப் போம்மா" என்றார் தாளாளர்.

மறுநாள் காலையில் நியமன ஆணை கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டதால் என் பதிவை நீக்கும்படி கடலூருக்கு ஒரு கடிதம் டைப் செய்தார்கள். மத்தியானம் நான்தான் அதைத் தபாலில் சேர்த்தேன். வேறு லெட்டர் எதுவும் போகவில்லை.