ஆறு போத்தல் வினாகிரி

தமிழரைத் தாக்கிய கலவரம் முடிந்த அடுத்த மாதம், இலங்கை மலையகத்தில் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் விடுதியில் நான் பெட்டி கட்டி வைத்திருந்தேன். திருச்சியிலிருந்த அண்ணன், பிள்ளையோடு வந்துவிடு என்று எழுதியிருந்தார். நாவலப்பிட்டியில் வேலை பார்த்த கணவர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். மகளுக்குப் பத்து வயது. அவள் வாசல் தாண்டினாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அன்று காலை எங்கள் பசு நடுங்கத் தொடங்கியது. வாயில் நுரை. இடது பக்க வயிறு உப்பி, மூச்சுக்கு மூச்சு முனகியது. பக்கத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து, தேயிலைக் கொழுந்தெடுக்கும் அக்கா ஓடி வந்தார்.

"டீச்சர், இது மருந்து வச்ச வேலைங்க. பஜார்ல இருக்கிற சிங்களவனுங்கதான். இன்னைக்கு மாட்டுக்கு வச்சவன் நாளைக்கு நாம தண்ணி புடிக்கிற பீலியில வைக்க மாட்டானா?" என்றவர், என் மகளைப் பார்த்தார். "பேசாம நீங்க கப்பல் ஏறிருங்க."

ஒரு நிமிடம் நானும் நம்பினேன். பிறகுதான் கொட்டில் ஓரத்து வாளி வெறுமையாகக் கிடந்ததைக் கண்டேன். மகளுக்கு மழைக்குப் போர்த்த, தோட்டத்தில் எல்லோரும் செய்வதுபோல, யூரியா உரம் வந்த பிளாஸ்டிக் உறை ஒன்றை அதில் நான்தான் ஊறவைத்தேன். உறையை எடுத்துக் கொடியில் போட்டேன். தண்ணீரைக் கொட்ட மறந்துவிட்டேன்; பசு அதைக் குடித்திருக்கிறது. வாளியின் அடியில் இன்னும் சில வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன.

முந்தின வருடம் மாட்டு டாக்டர் ஒருவர் தோட்டத்துக்கு வந்து சிங்களத்தில் பேசியபோது, தமிழில் எடுத்துச் சொன்னது நான். யூரியா உள்ளே போன மாடு அரை மணி நேரத்தில் நடுங்கும், நுரை தள்ளும், உப்பும்; அச்சாறுக்கு ஊற்றும் புளிக்காடியான வினாகிரியைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து உடனே புகட்டுங்கள் என்றார். அவ்வளவு பேருக்குச் சொன்ன நானே மறந்திருந்தேன்.

வினாகிரி பஜாரில்தான் இருந்தது. கலவரத்துக்குப் பின் நான் அங்கே இறங்கவே இல்லை. மகளைத் தனியே விடவும் முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

கடை முதலாளி சிங்களவர். இருந்த ஆறு போத்தலையும் பையில் வைத்தார். "டீச்சர் அச்சாறு கடை போடுறதா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். மாட்டுக்கு என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஓடுங்க, ஓடுங்க" என்றார்.

திரும்பும் வழியில் காவலுக்கு நின்ற சிப்பாய் மறித்தான். போத்தல் என்றாலே பெற்றோல் குண்டு என்று நினைக்கும் காலம். என்ன இது என்று துப்பாக்கியால் பையைக் காட்டினான். மகளின் கை என் கைக்குள் வியர்த்தது. எனக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்தது. ஒரு போத்தலைத் திறந்து, அவன் கண்ணெதிரே ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரிந்து கண்ணில் நீர் முட்டியது. "உனக்கும் வேண்டுமா?" என்று சிங்களத்தில் கேட்டேன். அவன் முகத்தைச் சுளித்து, போ என்று கையசைத்தான்.

பசு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அக்கா அதன் தலையை அதிகம் தூக்காமல் பிடிக்க, வினாகிரியைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கடைசிப் போத்தலும் முடிந்து நெடுநேரம் கழித்து அது பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. வயிறு மெல்ல இறங்கியது. மத்தியானம் தானாகவே தண்ணீர் குடித்தது.

அதற்குள் லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். "யாருங்க டீச்சர் மருந்து வச்சது? பேரைச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

வாளியைத் தூக்கிக் காட்டினேன். "நான்தான் வச்சேன். பஜார்லருந்து வந்தது மருந்தில்ல, மாத்துமருந்து."

"வாத்தியாரம்மாவே இப்படிப் பண்ணினா நாங்க என்ன பண்றது?" என்று அக்கா சிரித்தார்.

"உறையக் கழுவின தண்ணிய ஒடனே கொட்டுங்க. நான் கொட்டல."

சாயங்காலம் பெட்டியைப் பிரித்து மகளின் சீருடையை எடுத்து வெளியே வைத்தேன். பிறகு அண்ணனுக்கு எழுதினேன்: நாங்கள் வரவில்லை.